ஜவ்வாது மலைக்கு இந்த உயிர்காப்புப் பெட்டி ஆகுமா?

இரண்டு கை சேர்த்து ஏந்தினால் அடங்குகிற கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே விசில், வெள்ளித்தாள் போர்வை, தீப்பொறிக் கம்பி, கயிறு பின்னிய கைக்காப்பு, பொத்தான் அளவு திசைகாட்டி, கம்பி ரம்பம், மடக்குக் கத்தி, சின்ன டார்ச், குளோரின் மாத்திரை, தூண்டில் முள், ரத்தம் கொட்டுவதை நிறுத்த இறுக்கிக் கட்டும் ரத்தக் கட்டுப் பட்டை, விஷம் உறிஞ்சும் பம்பு. கூடவே நாலாக மடித்த ஒரு வழிகாட்டித் தாள். காட்டில் வழி தவறினால் இது காப்பாற்றும் என்று சொல்லி இணையத்தில் ஏழெட்டுப் பெயர்களில் விற்கிறார்கள். பெயர் மாறுகிறதே தவிர, சாமான் ஒன்றுதான். வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலைப் பக்கம் மலை ஏறுகிறவர்கள் இதை வாங்கலாமா என்றால் பதில் இதுதான்: நாலு பொருள் உருப்படி, ஐந்தாறு வெறும் சுமை, இரண்டு பொருள் ஆளுக்கே ஆபத்து. எல்லாவற்றையும் விட ஆபத்தானது அந்த வழிகாட்டித் தாள்.

காரணம் எளிது. குளிர்நாட்டு ஊசியிலைக் காட்டை மனதில் வைத்து அடுக்கிய பெட்டி இது. அங்கே ஆளைக் கொல்வது பனி. இங்கே முதலில் அடிப்பது வெயிலும் தாகமும். மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு என்று வேலூரைப் பற்றிச் சொல்லுவார்களே, அதைப் பெட்டி அடுக்கியவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். அமிர்தி, ஜமுனாமரத்தூர், ஏலகிரி, பர்வதமலை, எங்கே எடுத்தாலும் இலையுதிர்க் காடு, மொட்டைப் பாறை, கோடையில் வற்றும் ஓடை. அந்த அளவுகோலை வைத்துத்தான் ஒவ்வொரு பொருளையும் பார்க்க வேண்டும்.

விசிலில் இருந்து தொடங்கலாம், ஏனென்றால் பெட்டியிலேயே அதிகம் உதவுவது அதுதான். தொண்டை கட்டிக்கொள்ளும், விசில் கட்டிக்கொள்ளாது. ஆனால் பெட்டிக்குள் இரண்டு விசில் இருக்கும். கைக்காப்பின் கொக்கியோடு சேர்ந்தது விளையாட்டுச் சாமான், அதை நம்ப வேண்டாம். தனியாக இருப்பதைக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே குண்டு உருண்டால் அது எச்சிலோ மழைத் தண்ணீரோ பட்டு ஒட்டிக்கொள்ளும் வகை. குண்டு இல்லாத தட்டை விசில்தான் வேண்டும். தண்ணீரில் முக்கி எடுத்து உடனே ஊதுங்கள், சத்தம் மங்கக்கூடாது. ஊதும் முறை: ஒரு நிமிஷத்துக்கு 6 முறை, பத்து விநாடிக்கு ஒன்று. பிறகு ஒரு நிமிஷம் காதைத் தீட்டிக்கொண்டு சும்மா இருங்கள். மறுபடி 6. பதில் வருவதானால் நிமிஷத்துக்கு 3 என்று வரும். மலைக் கிராமத்தில் மாடு மேய்ப்பவருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டியதில்லை. சீராக, இடைவெளி விட்டுக் கேட்கும் சத்தம் பறவையுடையது அல்ல என்று அவருக்குத் தெரியும், அது போதும். விசிலைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். கழுத்தில் மாட்டுங்கள். பை ஒரு பக்கம் ஆள் ஒரு பக்கம் என்று சரிவில் உருண்டவருக்குப் பையில் இருக்கும் விசிலால் என்ன பயன்?

அடுத்து வெள்ளித்தாள் போர்வை. ஐம்பது அறுபது கிராம் எடை, விரித்தால் சுமார் 130-க்கு 210 சென்டிமீட்டர். உடம்பிலிருந்து கதிராக வெளியேறும் சூட்டைத் திருப்பி அனுப்புவதுதான் இதன் வேலை. வழிகாட்டித் தாளின் சொல்படி இதைப் போர்த்திக்கொண்டு தரையில் படுத்தால் ஏமாந்துபோவீர்கள். முதுகுச் சூடு தரைக்குள் இறங்குவதை இந்தத் தாளால் தடுக்க முடியாது. மார்கழி, தை மாதத்து ஜவ்வாது மலை இரவில், அதுவும் சட்டை நனைந்திருந்தால், உடம்பு விறைக்கத் தரை ஒன்றே போதும். முதலில் காய்ந்த சருகை முழங்கால் உயரத்துக்குக் குவியுங்கள். ஆள் படுத்தால் அது ஒரு சாண் கனத்துக்கு அமுங்கும், அந்த ஒரு சாண்தான் உங்கள் மெத்தை. அள்ளுவதற்கு முன் நீளக் குச்சியால் சருகைக் கிளறுங்கள். சுருட்டை விரியனும் தேளும் அதற்குள்தான் இருக்கும். சருகின் மேல் படுத்துப் போர்வையைச் சற்றுத் தளர்வாகச் சுற்றிக்கொள்ள வேண்டும். இறுக்கினால் வியர்வை உள்ளே கோத்து விடியற்காலையில் சட்டை ஈரமாகிவிடும். இன்னொரு குறை, யாரும் சொல்லாதது: இந்தத் தாள் புரளும்போதெல்லாம் சலசலக்கும். தேடி வருகிறவர்கள் கூப்பிட்டால் காதில் விழாது. அதனால் மணிக்கொரு முறை தலையை வெளியே நீட்டி அசையாமல் கேளுங்கள்.

ஆனால் இங்கே இந்தப் போர்வையின் பெரிய பயன் பகலில்தான். கூரையாகக் கட்டி, அதற்கு ஒரு சாண் கீழே ஒரு துணியைக் கட்டினால், நடுவில் காற்று ஓடி வெயிலின் காங்கை பாதிக்கு மேல் குறையும். கட்டும்போது மூலையில் ஓட்டை போடாதீர்கள். ஓரத்தில் ஒரு கீறல் விழுந்தாலே தாள் மறுமுனை வரை கிழியும். மூலையில் ஒரு கூழாங்கல்லை வைத்து, தாளை அதன் மேல் மூட்டைபோல மடித்து, கழுத்துப் பகுதியில் கயிற்றைச் சுருக்குப் போடுங்கள். காற்று எவ்வளவு இழுத்தாலும் கிழியாது. ஒன்றுக்கு இரண்டு போர்வையாக வைத்துக்கொள்வது நல்லது. ஒருமுறை விரித்ததைப் பழையபடி மடிக்க முடியாது.

தீப்பொறிக் கம்பியைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. பொறி சுமார் 3,000 டிகிரி சூடு, நனைந்தாலும் வேலை செய்யும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் வாங்கியவர்களில் பலர் உரசிப் பார்த்துவிட்டுப் 'பொறியே வரவில்லை' என்று திருப்பி அனுப்புகிறார்கள். கம்பியின் மேல் கறுப்புப் பூச்சு இருக்கும், முதலில் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். பிறகு, சுரண்டும் தகட்டின் ஓரம் கூரான செங்கோணமாக இருக்க வேண்டும். பெட்டியில் வருகிற தகடு மழுங்கல். கத்தியின் முதுகு அல்லது உடைந்த ரம்பப் பிளேடு துண்டு அதைவிட மேல். தகட்டை முன்னால் தள்ளினால் கை போய்ச் சருகுக் குவியலில் இடித்து எல்லாம் சிதறும். தகட்டை அசையாமல் பிடித்துக் கம்பியைப் பின்னால் இழுங்கள், பொறி நேராகக் குவியலில் விழும்.

பொறி விழுந்தால் போதுமா, பற்றிக்கொள்ள ஏதாவது வேண்டாமா? பெட்டியில் அதற்கு ஒன்றுமே இல்லை. நம் ஊரில் இதற்குச் சிறந்தது பூஜைச் சாமான் கடையில் கிடைக்கிற சூடம். நாலு கட்டியை நொறுக்கிக் காய்ந்த தென்னை நாரில் தூவினால் சட்டென்று பிடிக்கும். சூடம் காற்றில் கரைந்து போகும் என்பதால் இறுக்கி மூடுகிற மாத்திரை டப்பாவில் போட்டு வையுங்கள். பழைய சைக்கிள் டியூப்பை விரல் நீளத்துக்கு வெட்டிய துண்டுகள் இன்னொன்று. பொறிக்கு மசியாது, நெருப்புக்குச்சி காட்டினால் மழையிலும் சில நிமிஷம் விடாமல் எரியும். உண்மையில் கம்பியை விட, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய குடியாத்தம் தீப்பெட்டி ஒன்றும் ஒரு லைட்டரும்தான் நடைமுறைக்கு உதவுபவை. கம்பி மூன்றாவது கையிருப்பாக இருக்கட்டும்.

இதைப் பொறுப்போடு சொல்ல வேண்டும்: மாசி முதல் வைகாசி வரை இந்த மலைகளில் நெருப்பு மூட்டவே கூடாது. காப்புக்காட்டில் தீ வைப்பது சட்டப்படி குற்றம். அதையும் தாண்டி, காய்ந்த மாந்தப்புல் சரிவில் ஒரு பொறி விழுந்தால் மூட்டியவரே தப்ப முடியாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ சூழ்ந்து மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். தீ எப்போதும் மேட்டைப் பார்த்துத்தான் வேகமாக ஓடும். அதனால் தீயைக் கண்டால் புல் சரிவில் மேலே ஏறாதீர்கள். புல்லில்லாத பாறை, ஓடைப் படுகை, ஏற்கெனவே எரிந்து ஆறிய நிலம், இந்த மூன்றில் எது பக்கமோ அங்கே போங்கள். மழைக்காலத்தில், உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் மூட்டுவதானால், சுற்றிலும் மூன்று முழ தூரத்துக்குச் சருகை வழித்து மண் தெரிய ஒதுக்குங்கள். ஓடைக்குள் கிடந்த கல்லை அடுப்புக்கு வைக்காதீர்கள். உள்ளே ஊறிய நீர் ஆவியாகி வெடிக்கும். மலைத்தேனீக் கூடு தொங்கும் பாறைக்குக் கீழே புகை போடுவது அறவே வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில் பெட்டி தருவது குளோரின் மாத்திரை மட்டும். நல்ல பொருள்தான், ஆனால் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். 1 லிட்டருக்கான மாத்திரையும் உண்டு, 20 லிட்டருக்கானதும் உண்டு. பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். பெரியதை ஒரு பாட்டில் தண்ணீரில் போட்டால் குடிக்க முடியாத அளவுக்கு நெடி ஏறும். போட்டபின் அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். மூடியைத் தளர்த்திப் பாட்டில் வாய்ப்பகுதியையும் அந்தத் தண்ணீரால் நனையுங்கள். கலங்கல் நீரில் மாத்திரை சரியாக வேலை செய்யாது, சேறே குளோரினைத் தின்றுவிடும். எனவே முதலில் லுங்கியை நாலு மடிப்பாக மடித்து வடிகட்டித் தெளியவிடுங்கள்.

தண்ணீரைக் கண்டுபிடிப்பது பற்றிப் பெட்டியில் ஒரு சொல்லும் இல்லை. பாலாற்றங்கரைக்காரர்களுக்கு ஊற்றுத் தோண்டக் கற்றுத்தர வேண்டியதில்லை. மலை ஓடையிலும் அதே வித்தைதான். ஓடை வளையும் இடத்தில், வளைவின் வெளிப்பக்கக் கரையை ஒட்டி, ஈரமணல் தென்படும் இடமாகப் பார்த்து முழ ஆழம் தோண்டுங்கள். முதலில் ஊறுவது கலங்கலாக இருக்கும். இரண்டு மூன்று முறை இறைத்துக் கொட்டினால் தெளியும். இரண்டு முழம் தோண்டியும் மணல் ஈரமாகவில்லை என்றால் விட்டுவிடுங்கள். தோண்டும் வியர்வை கிடைக்கும் தண்ணீரை விட அதிகமாகிவிடும். தேற்றான் கொட்டையைப் பாத்திரத்தின் உட்புறத்தில் உரைத்துத் தண்ணீர் ஊற்றினால் சேறு அடியில் தங்கும் என்பது பழைய வழக்கம், பலிக்கவும் செய்யும். ஆனால் கிருமி சாகாது. அதைவிட முக்கியம், தேற்றானுக்கு நெருங்கிய சொந்தமான எட்டி மரமும் இதே காடுகளில் உண்டு, அதன் கொட்டை கொடிய விஷம். காட்டில் பொறுக்கிய கொட்டையை உரைக்காதீர்கள். மாத்திரை இல்லாவிட்டால் தெளிந்த நீரை நிறமில்லாத பாட்டிலில் ஊற்றி 6 மணி நேரம் உச்சி வெயிலில் பாறை மேல் படுக்க வைக்கலாம். வேலூர் வெயில் உதவுகிற இடம் இது ஒன்று. மேகமூட்டம் என்றால் இரண்டு நாள் வேண்டும். கொதிக்க வைப்பதானால் நம் மலைகளின் உயரத்துக்குக் குமிழ் விட்டு ஒரு நிமிஷம் கொதித்தால் போதும். ஆனால் எதில் கொதிக்க வைப்பது? பெட்டி பிளாஸ்டிக். ஒரு எவர்சில்வர் சொம்பை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.

இருக்கிற தண்ணீரை மடக்கு மடக்காகச் சேமிப்பதும் தவறு. தாகத்துக்குக் குடியுங்கள், வியர்வையைச் சேமியுங்கள். வெயிலில் ஏறுகிறவருக்கு மணிக்கு 1 லிட்டர் வரை வியர்வையாகப் போகும். காலை 11 முதல் மாலை 3 மணி வரை நிழலில் உட்கார்ந்தாலே அதில் பெரும்பங்கு மிச்சம்.

இனி திசைகாட்டியும் அந்தத் தாளும். பொத்தான் திசைகாட்டியைப் பெட்டிக்குள் கத்திக்குப் பக்கத்தில் வைத்தே அனுப்புகிறார்கள். இரும்பு பக்கத்தில் இருந்தால் முள் அதன் பக்கமே சாயும். வெளியே எடுத்து, கைக்கடிகாரம், போன் எல்லாம் தள்ளி வைத்து, மட்டமாகப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றுங்கள். முள் ஒரே திசையில் நிற்காமல் கூடவே திரும்பினால் அதைக் குப்பையில் போடலாம். நல்ல முள்ளாகவே இருந்தாலும், ஏறத் தொடங்கிய இடத்தில் ஊர் எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்தவருக்குத்தான் அது உதவும்.

தாளில் அச்சிட்ட வழிகள் இன்னும் மோசம். கடிகாரத்தின் சின்ன முள்ளைச் சூரியனுக்கு நேரே வைத்து, 12-க்கும் அதற்கும் நடுவே தெற்கு என்கிறது தாள். சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்திருக்கும் நாடுகளுக்கு அது சரி. வேலூர் இருப்பது ஏறக்குறைய 13 டிகிரி வடக்கு. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிப் பொழுதில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது, நிழல் தெற்கே விழுகிறது. தாளை நம்பினால் வடக்கைத் தெற்கு என்று நடப்பீர்கள். மரத்தின் வடக்குப் பக்கம் பாசி பிடிக்கும் என்பதும் இங்கே செல்லாது. துருவ நட்சத்திரத்தைப் பார் என்கிறது. நம் ஊரில் அது அடிவானத்துக்கு மேல் 13 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் ஒரு முஷ்டி 10 டிகிரி. அதற்குக் கொஞ்சம் மேல், அவ்வளவே. பள்ளத்தாக்கில் நிற்பவருக்கு எதிர்மலையே அதை மறைத்துவிடும்.

இங்கே பலிப்பது குச்சி நிழல். சமதரையில் ஒரு கஜக் குச்சியைச் செங்குத்தாக நட்டு நிழல் நுனியில் ஒரு கல் வையுங்கள். அரை மணி கழித்து நுனி நகர்ந்த இடத்தில் இன்னொரு கல். முதல் கல் மேற்கு, இரண்டாம் கல் கிழக்கு. எந்த மாதத்துக்கும் பொருந்தும். விடிந்த உடனும் பொழுது சாயும்போதும் மட்டும் கொஞ்சம் பிசகும். குளிர்கால இரவில் வரிசையாக நிற்கும் ஓரியன் விண்மீன் கூட்டத்து இடுப்பு மூன்று நட்சத்திரமும் ஏறக்குறைய நேர் கிழக்கில் உதித்து நேர் மேற்கில் மறைபவை.

தாளில் உள்ளதிலேயே உயிரைக் குடிக்கக்கூடிய வரி, 'ஓடையைப் பின்பற்றிக் கீழே போ, ஊர் வரும்' என்பது. ஜவ்வாது மலை ஓடைகள் சரிந்து சமவெளிக்கு இறங்குபவை அல்ல. பாறை விளிம்பில் அருவியாக விழுபவை. அமிர்தியும் பீமன் அருவியும் அப்படித்தான் உண்டாயின. மங்கிய வெளிச்சத்தில் வழுக்குப் பாறையில் இறங்குகிறவர் ஒரு கட்டத்தில் கீழேயும் போக முடியாமல் மேலேயும் ஏற முடியாமல் மாட்டிக்கொள்வார். மாலை 4 மணிக்கு வழி தெரியவில்லை என்றால் நடப்பதை நிறுத்துங்கள். வெளிச்சம் இருக்கும்போதே சருகுப் படுக்கை போட இரண்டு மணி நேரம் தேவை. பாறைப் பொந்துக்குள் படுக்க வேண்டாம், கரடி இருக்கிற மலை.

ரத்தக் கட்டுப் பட்டையும் விஷ உறிஞ்சு பம்பும் ஆபத்தானவை என்றது இதனால்தான்: தாள் இரண்டையும் பாம்புக்கடிக்குப் பயன்படுத்தச் சொல்கிறது. கட்டினால் கால் அழுகும் அபாயம். பம்பு உறிஞ்சுவது ரத்தமும் நிணநீரும்தான், விஷம் வருவதில்லை என்றே சொல்லலாம். செய்ய வேண்டியது: ஆளைப் படுக்க வைத்து, கொலுசு, மெட்டி, மோதிரம் கழற்றி, கடிபட்ட காலைக் கட்டையோடு சேர்த்து லுங்கித் துணியால் அசையாமல் கட்டுங்கள், ரத்த ஓட்டம் நிற்காத அளவுக்கு. கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு இறங்குங்கள். கடித்த நேரத்தைக் குறியுங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான் போடுவார்கள், அதனால் பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. பட்டையை வெட்டுக்காயத்தில் பீறிடும் ரத்தத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதிலும் மலிவுப் பட்டையின் பிளாஸ்டிக் திருகு முறுக்கும்போதே உடைகிறது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லலாம். கம்பி ரம்பம் வளைத்து இழுத்தால் நாலாவது இழுப்பில் அறுந்துபோகும். காய்ந்த சுள்ளியைக் காலால் மிதித்தே ஒடிக்கலாம். தூண்டில் முள்ளும் கண்ணிக் கம்பியும் வேண்டவே வேண்டாம். பசி ஒரு வாரத்தில் கொல்லாது, வேட்டையோ வழக்கில் கொண்டுபோய் விடும். கைக்காப்புக் கயிறு அவிழ்த்தால் மூன்று மீட்டருக்குள்தான் தேறும். நுனியை வெட்டி உள்ளே எண்ணிப் பாருங்கள்: ஏழு இழை இருந்தால் அசல், பஞ்சு அடைத்திருந்தால் போலி. கயிறு தீர்ந்தால் ஆத்தி மரப்பட்டையை உரித்து முறுக்கலாம். டார்ச் பரவாயில்லை. பேட்டரி ஒன்றைத் தலைகீழாகப் போட்டு வைத்தால் பைக்குள் தானாக எரிந்து தீராது. மடக்குக் கத்தியின் பூட்டு ஆடுகிறது, அழுத்தி வெட்டினால் விரலில் மடங்கும்.

ஆக, விசில், போர்வை, மாத்திரை, டார்ச் நாலையும் தனித்தனியாக வாங்கினால் பெட்டி விலையில் பாதிகூட ஆகாது. மிச்சப் பணத்தில் வேலூர் லாங் பஜாரில் ஒரு சுற்று வந்தால் இந்த மலைக்கான பெட்டி தயார். கெட்டியான குடியாத்தம் லுங்கி ஒன்று: வடிகட்டி, நிழல், கைத்தூக்கு, கட்டு எல்லாம் அதுதான். மூடியோடு எவர்சில்வர் சொம்பு. சூடம், தீப்பெட்டி, லைட்டர். பத்து மீட்டர் நைலான் கொடிக்கயிறு. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நாலு, ஒரு பொட்டலம் முழுவதும் 1 லிட்டர் தண்ணீரில், பாதி பாதியாகக் கலக்கக்கூடாது. பெரிய குப்பைப் பை இரண்டு: ஒன்றில் சருகு அடைத்தால் மெத்தை, மற்றதில் முகத்துக்கு ஓட்டை போட்டுத் தலைவழியே மாட்டினால் மழைச் சட்டை. கைக்கண்ணாடி ஒன்று, தேடுபவர்களுக்கு வெளிச்சம் அடிக்க. மரத்தடியில் நின்று அடித்தால் பயனில்லை, மொட்டைப் பாறைக்கு வந்து, நீட்டிய கையின் இரண்டு விரல் இடைவெளியில் ஆள் இருக்கும் திசையை நிறுத்தி, ஒளி அந்த விரல்களில் விழும்படி கண்ணாடியை ஆட்டுங்கள்.

ஏற்கெனவே பெட்டியை வாங்கிவிட்டவர்கள் அந்தத் தாளை எடுத்துவிட்டு, அதே இடத்தில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டை வையுங்கள். நில், உட்கார், தண்ணீர் குடி. 4 மணிக்கு மேல் நடக்காதே. ஓடையில் இறங்காதே. விசில் 6, பிறகு காது கொடு. போனில் அழைப்பு போகாவிட்டால் குறுஞ்செய்தி அனுப்பு, பிறகு விமானப் பயன்முறையில் போட்டு மணிக்கொரு முறை மட்டும் திற. 112. 108. அதற்குக் கீழே ஏறத் தொடங்கிய ஊரின் பெயர், அது எந்தத் திசை, வீட்டில் எத்தனை மணிக்குத் திரும்புவதாகச் சொல்லியிருக்கிறீர்கள் என்பது.